சைக்கிள் ஹெல்மெட் வாங்கப் போன கதை

மெல்பர்னுக்குப் புதிதாக வந்து இறங்கும் நம் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நல்ல பள்ளிக்கூடம் எந்தப் பக்கம். அடுத்து வாடகை. மூன்றாவது இட்லி அரிசி. இந்த மூன்றும் முடிந்து ஒரு ஆறு மாதம் போனதும், பிள்ளைக்குப் பிறந்தநாள் வரும், சைக்கிள் வாங்குவார்கள், உடனே போன் வரும். "சார், இங்க சைக்கிளுக்குமா ஹெல்மெட்?"

ஆமாம், சைக்கிளுக்கும்தான். 1990 ஜூலை 1 முதல். சைக்கிள் ஓட்டுகிற எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று உலகத்திலேயே முதலில் சட்டம் போட்டது இந்த விக்டோரியா மாநிலம்தான். அடுத்த இரண்டு வருடத்தில் மற்ற மாநிலங்களும் பின்னால் வந்தன. நியூசிலாந்தில் 1994-ல். பெரியவர், சிறியவர் என்று பேதம் கிடையாது. தாத்தாவாக இருந்தாலும் போட்டுத்தான் ஆக வேண்டும். நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது மோட்டார் சைக்கிளுக்கு. மிதிக்கிற சைக்கிளைப் பற்றி அது பேசுவதே இல்லை. அதனால் நமக்கு இது புதுசாகத்தான் இருக்கும்.

தாத்தா என்று ஏன் சொன்னேன் என்றால், போன வருடம் எங்கள் நைனா இங்கே மூன்று மாதம் வந்து இருந்தார். எங்களுக்கு ஊர் கோலார் தங்கவயல், அதில் ஊரிகம். தங்கவயலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கர்நாடகாவில் இருந்தாலும் தெருவுக்குத் தெரு தமிழ் பேசுகிற ஊர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து குழிக்குள் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் ஆரம்பித்ததை, பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ல் இழுத்து மூடியது. நைனா 1972-ல் இருபது வயசில் மைனுக்குள் இறங்கினார். மூடுகிற அன்றைக்கு அவருக்கு நாற்பத்தொன்பது. இருபத்தொன்பது வருடம் தலையில் ஹெல்மெட்டோடு வாழ்ந்த மனிதர்.

அந்த ஹெல்மெட்டையும் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். பேத்திக்குக் காட்டவாம். இந்த நாட்டு விமான நிலையத்தில் மண் ஒட்டின எதையும் விடமாட்டார்கள் என்று நான் முன்பே பயமுறுத்தி வைத்திருந்தேன். அதனால் விம் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, புடவைகளுக்கு நடுவில் சொருகியிருந்தார். பழுப்பு நிற ஓடு. நெற்றிப் பக்கம் விளக்கு மாட்டுகிற இரும்புக் கொக்கி. பின்பக்கம் விளக்கின் ஒயர் தொங்காமல் பிடித்துக்கொள்ள இன்னொரு வளையம். உள்ளே நாடாப் பட்டைகள்.

என் மகளுக்கு ஒன்பது வயசு. அவளுடைய பழைய ஹெல்மெட் சிறிசாகிவிட்டிருந்தது, புதுசு வாங்க வேண்டும். தாத்தாவின் ஹெல்மெட்டைப் பார்த்தவள் ஒரே பிடி. "எனக்கு இதுதான் வேணும். இதைப் போட்டுட்டுத்தான் ஸ்கூலுக்கு சைக்கிள்ல போவேன். லைட் வேற மாட்டலாம்."

எவ்வளவு கெட்டி பார், இதைவிடவா கடையில் கிடைக்கும் என்று அவள் கேட்டதற்கு "அது ஸ்கூலில் விடமாட்டாங்க" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நைனா விடவில்லை. "இருப்பா, அவ கேக்கறது நாயமான கேள்விதானே" என்றார். எனக்கும் சரியான பதில் தெரிய வேண்டும் போலிருந்தது. எல்லா ஹெல்மெட்டும் ஒன்றுதான், கெட்டியாக இருந்தால் போதும் என்றுதானே நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம். ஊரில் ஸ்கூட்டருக்குப் போடுகிற ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட்டையே பிள்ளைக்கு மாட்டி சைக்கிளில் அனுப்பிய ஒருவரை இங்கேயே எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் கழுத்தை நினைத்தால் பாவமாக இருக்கும்.

சனிக்கிழமை மூவருமாகக் கடைக்குப் போனோம். நைனா ஒரு ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பி, உள்பக்கம் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னாப்பா இது, தெர்மாகோலு! டிவி பொட்டியில வருதே, அதானே?"

அதேதான். கொஞ்சம் அடர்த்தியானது, அவ்வளவுதான். மேலே மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தோல், உள்ளே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குத் தெர்மாகோல். இதற்கா இத்தனை டாலர் என்று அவர் கேட்டது கடைக்காரப் பையனுக்குப் புரிந்திருக்காது என்று நம்புகிறேன் :-)

விஷயம் என்னவென்றால், சுரங்க ஹெல்மெட் செய்யப்பட்டது மேலே இருந்து கல் விழும் என்று. மனிதன் நிற்கிறான், கல் வருகிறது. வெளி ஓடு கெட்டியாக இருக்க வேண்டும், கல் உள்ளே குத்தக் கூடாது. உள்ளே இருக்கிற நாடாப் பட்டைகள் ஓட்டைத் தலையில் படாமல் தூக்கிப் பிடித்திருக்கும். நடுவில் ஒரு இடைவெளி. கல் விழுந்ததும் பட்டைகள் இழுபட்டு, அந்த அடியை மண்டை முழுக்கப் பரப்பிவிடும். பக்கவாட்டில் அடித்தால்? அதற்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆள் கீழே விழுந்தால்? தாடைக்குக் கீழே பட்டி இல்லாவிட்டால் ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

சைக்கிளில் கதை தலைகீழ். மேலே இருந்து எதுவும் வருவதில்லை. தலைதான் போய்த் தரையில் விழுகிறது. தார் ரோடு அசையாது, தலை நிற்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. வெறும் மண்டை என்றால் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும், உள்ளே மூளை போய் மோதும். தெர்மாகோல் நசுங்கி நசுங்கி அந்தத் தூரத்தை இரண்டு சென்டிமீட்டருக்கு நீட்டிக் கொடுக்கிறது. நசுங்கினது நசுங்கினதுதான், திரும்ப எழும்பாது. அதனால்தான் ஒரு முறை விழுந்த ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், குப்பையில் போடச் சொல்கிறார்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 1078-ன் சோதனையில், ஹெல்மெட் மாட்டிய பொம்மைத் தலையை சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழவைக்கிறார்கள். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் பக்கம். தலைக்குள் இருக்கிற கருவி, புவியீர்ப்பைப் போல 250 மடங்குக்கு மேல் காட்டக்கூடாது. அமெரிக்கத் தரமான சிபிஎஸ்சி-யில் இரண்டு மீட்டர், 300 மடங்கு. சைக்கிள் எந்த வேகத்தில் போனாலும், சும்மா சாய்ந்து விழுகிறவனின் தலை விழுகிற உயரம் அவ்வளவுதானே. அந்த விழுதலுக்குத்தான் இது.

என் ஆபீஸில் ஒருவர் மழை நாளில் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி விழுந்தவர். (மெல்பர்னில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தண்டவாளத்தைக் குறுக்காகத்தான் கடக்க வேண்டும், ஒட்டிப் போகவே கூடாது.) அவருடைய ஹெல்மெட்டைத் திங்கட்கிழமை இரவல் வாங்கி வந்து நைனாவிடம் காட்டினேன். காதுக்கு மேலே ஒரு இடத்தில் தெர்மாகோல் அப்பளம் மாதிரி தட்டையாகி, குறுக்கே ஒரு விரிசல். ஆள் அடுத்த வாரமே ஆபீஸ் வந்துவிட்டார். நைனா அதை ரொம்ப நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தெர்மாகோலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சரி, கடைக்கு வருவோம். நான் பார்த்தவை, கேட்டவை இவை.

முதலில் உள்ளே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர். இங்கே ஏஎஸ்/என்இசட்எஸ் 2063 என்று இருக்கும். ஊருக்குப் போகும்போது பாதி விலையில் வாங்கி வரலாமே என்கிறவர்களுக்கு: வேண்டாம், எந்தச் சோதனையும் பார்க்காத ஹெல்மெட்டும் பார்க்க அப்படியே இருக்கும். அதே காரணத்துக்காக கராஜ் சேலிலும் வாங்காதீர்கள். அது எத்தனை முறை விழுந்ததென்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அடுத்து அளவு. டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே சுற்றி அளந்துகொண்டு போங்கள். "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெருசா எடு" என்று தங்கமணி ஆரம்பித்தார். நாம் எல்லோரும் அப்படி வாங்கின யூனிஃபார்மில் வளர்ந்தவர்கள்தான், எனக்கு எட்டாவதில்தான் ஆறாம் வகுப்புச் சட்டை பொருந்தியது. ஆனால் ஹெல்மெட்டை மட்டும் வளர்வதற்கு விட்டு வாங்க முடியாது. தொளதொளவென்று இருந்தால் விழும்போது பின்னால் நகர்ந்து நெற்றியைத் திறந்து விட்டுவிடும். பக்கிளைப் போடாமல் தலையைக் குனிந்து ஆட்டச் சொல்லுங்கள். அப்போதும் விழாமல் நிற்க வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம். காதுக்குக் கீழே இரண்டு பட்டைகளும் ஒரு 'வி' போலச் சேர வேண்டும். தாடைக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம்.

நம் பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி. உச்சிக் கொண்டை, உயரத்தில் தூக்கிக் கட்டிய குதிரைவால் எல்லாம் ஹெல்மெட்டைத் தூக்கிவிடும். பள்ளிக்கூட நாட்களில் தாழ்ந்த ரெட்டைப் பின்னல்தான் சரி. இதைக் கேட்டதும் என் அம்மாவுக்கு ஊரில் இருந்தபடியே பெருமை தாங்கவில்லை. அறிவியலே ரெட்டை ஜடைக்குத்தான் ஓட்டுப் போடுகிறதாம்.

தலை வடிவமும் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு நீள்வட்டம், சிலருக்கு உருண்டை. அளவு சரியாக இருந்தும் நெற்றிப் பொட்டில் கடிக்கிறது என்றால் அந்த வடிவம் உங்களுக்கு இல்லை, அடுத்த கம்பெனியைப் பாருங்கள். நைனாவுக்கு நான்காவது ஹெல்மெட்தான் உட்கார்ந்தது. அவருக்கும் வாங்கினேன், ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

விலை. இருபத்தைந்து டாலருக்கும் இருக்கிறது, முந்நூறுக்கும் இருக்கிறது. ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றேதான். விலை கூடக் கூட எடை குறையும், காற்றோட்டம் கூடும், அழகு கூடும். உள்ளே மஞ்சள் நிறத்தில் வழுக்குகிற ஒரு மெல்லிய வலை போட்டிருக்கிறதே, அது மிப்ஸ். ஸ்வீடனில் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற மூளை அறுவை மருத்துவரும் பீட்டர் ஹால்டின் என்ற ஆராய்ச்சியாளரும் ஆரம்பித்து வைத்தது. தலை நேராக மோதுவதைவிடச் சாய்வாக மோதித் திருகுவது மூளைக்குக் கெடுதல் என்பதால், ஹெல்மெட் ஒரு பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் வழுக்கி அந்தத் திருகலைக் குறைக்கிறது. சோதனைத் தரங்கள் இதை ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018-லிருந்து இதையும் சேர்த்துச் சோதித்து நட்சத்திரம் கொடுத்து வருகிறது. அந்தப் பட்டியலை ஒரு முறை பாருங்கள், ஐந்து நட்சத்திரம் வாங்கியதில் மலிவானவையும் இருக்கின்றன. என் கருத்து: மிப்ஸ் போன்ற அமைப்புள்ள, நடுத்தர விலையில் ஒன்று போதும். முந்நூறு டாலர் கொடுப்பது உங்கள் இஷ்டம்.

ஹெல்மெட்டோடு பிள்ளைகளைப் பூங்காவில் ஏறி விளையாட விடாதீர்கள். ஏணிக் கம்பிகளுக்கு நடுவில் உடம்பு நுழைந்துவிடும், ஹெல்மெட் நுழையாது, பட்டி கழுத்தை இறுக்கிவிடும். ஐரோப்பாவில் இப்படிச் சில குழந்தைகள் இறந்த பிறகுதான், தானாகக் கழன்றுகொள்ளும் பட்டியோடு இஎன் 1080 என்று சின்னக் குழந்தைகளுக்குத் தனித் தரமே வந்தது. சைக்கிளை விட்டு இறங்கினால் ஹெல்மெட்டைக் கழற்று. இதை மகளுக்குப் பழக்கினது நைனாதான். "மைன்ல உள்ள போனா போடணும், மேல வந்தா கழட்டணும், அதே கணக்கு கண்ணு."

நிற்க. ஹெல்மெட் வாங்கி வந்த அன்று ராத்திரி மகள் ஒரு குண்டு போட்டாள். "ஹெல்மெட் வாங்கியாச்சு. இனிமே நான் தனியாவே ஸ்கூலுக்குப் போவேன்."

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நைனா "ஆங்" என்று ஒரு சத்தம் கொடுத்தார். எங்கள் வீட்டில் அந்த 'ஆங்' வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அன்றைக்கு அவர் பேசினார்.

எனக்குப் பெரியப்பா ஒருவர் இருந்தார், நான் பார்த்ததில்லை. நைனாவுக்கு அண்ணன். நான் பிறப்பதற்கு முந்தின வருடம் ராத்திரி ஷிப்டில் போனவர். தங்கவயலில் பாறை வெடிப்பை ஏர்பிளாஸ்ட் என்பார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் சில சமயம் குண்டு போட்ட மாதிரி தெறிக்கும். மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். பாத்திரம் உருண்டால் பெண்கள் எல்லாம் சாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது, அன்றைக்கு நைனா பேத்தியிடம் சொன்னது.

"எங்க அண்ணன் ஹெல்மெட்டு நல்லாத்தான் இருந்துச்சி. கீறல்கூட இல்ல. கொண்டாந்து எங்க அம்மா கையில குட்த்தாங்க."

மகள் ஒன்றும் பேசவில்லை. நாங்களும்தான். இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் இதைச் சொன்னதில்லை.

அப்புறம் அவரே சகஜமாகி, மைனில் வேலை ஆரம்பிக்கும் முன்பு என்ன செய்வார்கள் என்று சொன்னார். வெடி வைத்த இடத்துக்குப் போனதும் யாரும் உடனே வேலையைத் தொடமாட்டார்கள். கடப்பாரையால் மேல்பாறையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று சத்தம் வந்தால் பாறை இறுகி இருக்கிறது. பொத்தென்று வந்தால் பெயர்ந்து தொங்குகிறது, முதலில் அதை இடித்துத் தள்ள வேண்டும். தட்டிப் பார்க்காமல் ஹெல்மெட்டை நம்பி உள்ளே போகிறவனை மேஸ்திரி திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது. ஹெல்மெட் தடுக்காத இன்னொன்றும் அங்கே இருந்தது, தூசி. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது 1934-ல், எங்கள் தங்கவயலில்தான். இப்போதும் விடியற்காலையில் நைனா இருமும்போது நான் விழித்துக்கொள்வேன்.

மறுநாள் காலை அவர் பள்ளிக்கூட வழியைத் தட்டிப் பார்க்கக் கிளம்பினார். மூன்று நாள், பள்ளிக்கூடம் போகிற அதே நேரத்தில் நடந்தார். இங்கே பதின்மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம், கூட வருகிற பெரியவரும் ஓட்டலாம். நடைபாதைதானே, என்ன ஆபத்து என்று நாம் நினைப்போம். நைனா கண்டுபிடித்து வந்தது: ஆபத்து ரோட்டில் இல்லை, வீட்டு வாசல்களில். எட்டே கால் மணிக்கு வரிசையாக எல்லா வீட்டுக் காரும் பின்பக்கமாக ரிவர்ஸில் வெளியே வருகிறது. வேலிச் செடி ஆள் உயரம். காரில் இருப்பவருக்குச் சைக்கிளில் வருகிற சின்னப் பெண் தெரியமாட்டாள். எங்கள் தெருவில் அப்படி பதினோரு வாசல் இருப்பதாக எண்ணி வைத்திருந்தார். பின்னால் ஓடைப் பக்கம் போகிற பாதையில் இரண்டே வாசல். நாலு நிமிஷம் அதிகம் ஆகும். "பொத்துனு சத்தம் வர்ற எடத்துல எதுக்குப்பா புள்ளய உடறது?"

இந்த ஊரில் ஹெல்மெட் சட்டம் நல்லதா கெட்டதா என்று முப்பது வருடமாகச் சண்டை நடக்கிறது. சட்டத்தால் சைக்கிள் ஓட்டுகிறவர்களே குறைந்துபோனார்கள் என்று ஒரு கட்சி. ஹாலந்தில் யாரும் போடுவதில்லையே, அங்கே தனிப் பாதை இருக்கிறதே என்றும் கேட்பார்கள். மறுபக்கம், சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் நாற்பது ஆய்வுகளை, அடிபட்ட 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலையில் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைவு என்று சொன்னார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் நைனாவோடு ஒரு காலை நடந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஹெல்மெட்டையும் விடமாட்டார், கடப்பாரையையும் விடமாட்டார்.

அவருக்கும் ஹெல்மெட் வாங்கினது இதற்குத்தான். இரண்டாவது வாரத்திலிருந்து பேத்தியும் தாத்தாவும் ஓடைப் பாதையில் ஒன்றாக சைக்கிளில் போனார்கள். ஊரிகத்திலிருந்து வேலைக்கு சைக்கிளில் போய்ப் பழகின கால், எழுபத்து மூன்று வயசிலும் மறக்கவில்லை. வாசல் வந்தால் மணி அடித்து, நின்று, பார்த்து, அப்புறம்தான் போக வேண்டும் என்பது ஒப்பந்தம்.

செப்டம்பரில் ஒரு வேடிக்கை. இங்கே மேக்பை என்று கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று. குஞ்சு பொரிக்கும் காலத்தில் சைக்கிள்காரர்களைக் கண்டால் பின்னாலிருந்து பாய்ந்து தலையில் கொத்தும். அதற்குப் பயந்து ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கேபிள் டைகளை முள்ளம்பன்றி மாதிரி குத்திக்கொண்டு போவார்கள். ஓடைப் பாதையில் நைனாவை இரண்டு முறை கொத்திவிட்டது. வீட்டுக்கு வந்து, "மேல இருந்து எதுவும் வராதுன்னு சொன்னியேப்பா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை. மகள்தான் சொன்னாள், "அதுக்கு உங்க மைன் ஹெல்மெட்தான் தாத்தா கரெக்ட்!"

இப்போது நைனா ஊரிகத்தில் இருக்கிறார். என் தம்பி மகனுக்கு ஆறு வயசு, அவனும் சைக்கிள் கேட்கிறான். ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் நைனா கேட்டுப் பார்த்ததில் எல்லோரும் ஸ்கூட்டர் ஹெல்மெட்டையே எடுத்துக் காட்டினார்களாம். தம்பி மாரிகுப்பம் ரயிலில் தினம் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். அங்கே டெகாத்லானில் இஎன் 1078 போட்டது கிடைக்கும், பார்த்து வாங்கு என்றேன். அளவு வேண்டுமே. வீட்டில் டேப் இல்லை. நைனா மளிகைப் பொட்டலம் கட்டின சணல் கயிற்றைப் பையன் தலையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஸ்கூல் ஸ்கேலில் வைத்து எண்ணி, போனில் சொன்னார்: ஐம்பத்தொன்று. "புருவத்துக்கு ஒரு வெரல் மேலதாம்ப்பா அளந்தேன்" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.